பதினான்கு படிக்கு எந்தப் பூச்சு மலிவு?

மைத்துனனுக்கு,

நலம். உன் வீட்டார் அனைவரும் நலமாக இருக்க விரும்புகிறேன். உன்னைப் பற்றிய விருப்பத்தை இந்தக் கடிதம் முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைகள் தப்பாகப் போட்டால் அடித்ததில்லை, உதாரணம் சொல்லித்தான் திருத்துவேன். உனக்கும் அப்படியே சொல்கிறேன். எங்கள் மரப்படிக்குப் பாலிஷ்காரர் மூன்று விலை சொன்னார்: மெழுகு பாலிஷ் எட்டாயிரம், எண்ணெய் வார்னிஷ் பதினைந்தாயிரம், பி.யு. கோட்டிங் இருபதாயிரம், கூலி தனி. மெழுகு என்பது கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து, நாலு பேர் நடந்தால் போய்விடும். வார்னிஷ் பேனா எழுத்து. பி.யு. கல்வெட்டு. பேனா எழுத்தே போதும் என்று போனில் சொன்னது யார்? நீ. ஐயாயிரம் மிச்சமாகுமே என்று குழைந்தது யார்? நீதான்.

மிச்சத்தைக் கேள். பி.யு. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம், ஒரே நாள் வேலை. வார்னிஷ் காய ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். ஆள் நடமாட வழி வேண்டுமே என்று ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூச வேண்டும், அதுவும் இரண்டு கோட், ஆக நான்கு நாள், இரண்டு ஆள், எண்ணூறு எண்ணூறாகக் கூலி. பி.யு.வை விட ஆறு ஆள்கூலி, அதாவது நாலாயிரத்து எண்ணூறு கூடுதல். கூட்டிக் கழித்தால் நீ எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இருநூறு.

இருநூறோடு போயிற்றா? ஒற்றைப்படைப் படிகளுக்கு மட்டும் இன்று பூசுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னேன். பாலிஷ்காரர் கீழிருந்து ஆரம்பித்தார், அவருடைய மச்சான் மேலிருந்து. அவரும் உன்னைப் போல ஒருவனை நம்பித்தான் பிழைக்கிறார். இவர் கீழிருந்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அவன் மேலிருந்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. மொத்தம் பதினான்கு படி என்பதால் நட்டநடுவில் இரண்டு படி சேர்ந்தாற்போல் ஈரம். மச்சான்காரன் இளவட்டம், ஒரே தாவில் இறங்கிவிட்டான். மூட்டுவலியோடு உன் அக்கா எப்படித் தாவுவாள்? காலையிலிருந்து மாடியிலேயே இருக்கிறாள். அடுப்படி கீழே. நான் சமைத்ததைக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றினால், "உப்பு போட மறந்தாச்சா, இல்ல அதுலயும் மிச்சம் புடிக்கிறீங்களா?"ன்னு கேக்குறா, தெருவே திரும்பிப் பாக்குது. இன்று நாலு மணிக்கு மூட்டு டாக்டர். ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம், அதுவும் போச்சு. எல்லாம் யாரால? இனி நீ என் வீட்டுப் படி ஏறவே வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் பங்கையும் அவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: சாட்சிக் கையெழுத்துக்காக இதைக் கூடையில் மேலே அனுப்பினேன். கையெழுத்துக்குப் பதில் உன் அக்கா எழுதி இறக்கியது:

"தம்பி, அன்னிக்கு இவர் போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினார், நானும் பக்கத்துலதான் இருந்தேன். அக்காவுக்குக் கால் வலி, சீக்கிரம் காயும், பி.யு.வே போடுங்க அத்தான்னு நீ தலைதலையா அடிச்சுக்கிட்டே. ஐயாயிரம் அதிகமான்னு வாயப் பொளந்தது இவர்தான். டாக்டர்கிட்ட பேசி நாளைக்கு மாத்திட்டேன். நீயே வந்து கூட்டிட்டுப் போ."

பேனாவை அவள் மேலேயே வைத்துக்கொண்டாள். இந்தப் பின்குறிப்பைப் பாலிஷ்காரரின் பென்சிலால் எழுதி, கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலையில் வந்துவிடு. கடிதத்தில் 'நீ' என்று வரும் இடங்களில் எல்லாம் 'நான்' என்று திருத்தி வாசித்துக்கொள்.