ஓஸ்வால்தோ சொந்த ஊரில் பாடினான்

காஸ்தெல்வேக்கியோ,
12 பிப்ரவரி 1957

அன்புள்ள தங்கை எர்சிலியாவுக்கு,

அண்ணன் அமில்காரே ஆசிகளுடன் எழுதுவது. மூடுபனியும் மூட்டுவலியும் தவிர இங்கே வேறு குறையில்லை. அர்ஜென்டினாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். என் மகன், உன் மருமகன் ஓஸ்வால்தோ ஞாயிறு மதியம் நம்ம ஊர் ஓபரா அரங்கில் பாடினான். அங்கே நடந்ததை வேறு யாராவது கண்ணும் மூக்கும் வைத்து எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது அவன் அங்கே வண்டி அறிவித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். "பொலோன்யா வண்டி, இரண்டாவது பிளாட்பாரம்" என்று அவன் சொன்னால் சனங்கள் வண்டியை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்த்து நிற்பார்கள். அப்படி வண்டியைத் தவறவிட்ட ஒரு பாட்டு டீச்சர்தான் அவனைக் கெடுத்தாள். "அருமையான பாரிட்டோன் குரல். இதைப் போய் ரயிலுக்கு வீணாக்கறீங்களே!" என்றாள். உன் பிள்ளைகள் கேட்டால் சொல்லு: டெனர் மாதிரி உச்சத்தில் கூவாமல், பாஸ் மாதிரி பாதாளத்துக்கும் போகாமல் நடுவில் கம்பீரமாக நிற்கிற குரல். என்ன, டெனருக்குக் காதலி கிடைக்கிறாள், பாரிட்டோனுக்குக் கத்திதான் கிடைக்கிறது. பதினோரு வருஷம் ஜெர்மனியில் சின்னச் சின்ன ஊர்களில் பாடினான். முதலில் கடிதம் கொண்டுவரும் சேவகன் வேஷம், பிறகு கைது செய்யும் அதிகாரி, பிறகு மகளைச் சபிக்கும் அப்பா. போன வருஷம்தான் டெனரைக் கொல்லும் பிரபு ஆனான். ரயில்வேயில் கூட இவ்வளவு ஒழுங்காகப் பதவி உயர்வு கிடையாது.

அந்தப் பிரபு வேஷத்தோடு சொந்த ஊருக்கு வந்தான். அரங்கின் மேல்மாடத்தில் உட்காரும் நம்ம ஆட்களை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு சுரம் வழுக்கினால் கேலிச் சீட்டி பறக்கும். சனிக்கிழமை சாப்பாட்டில் பையன் சூப்பைத் தொடவே இல்லை.

"அப்பா, இங்க தோத்தேன்னா பாட்டையே விட்டுட்டு உங்க ஸ்டேஷனுக்கே வந்துடறேன். அம்மா வரட்டும். நீங்க மட்டும் வராதீங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாலே எனக்குத் தொண்டை இறுகிக்கும்."

வரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்த சத்தியத்துக்கு மரியாதை கொடுத்து, மேல்மாடத்தில் கடைசி வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் யார் என்று நினைக்கிறாய்? நாவிதன் லெயார்கோ! சீட்டிக் கூட்டத்துக்குத் தலைவனே அவன்தான். இரண்டு அங்கம் முடியும்வரை வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான், நானும் மூச்சுவிட்டேன், மூன்றாவது அங்கத்தில் பிரபு தனியாக நின்று பாடும் பெரிய பாட்டு வந்தது, உச்சத்தில் நம்ம பையன் குரல் ஒரு மயிரிழை, வெறும் மயிரிழை சறுக்கியது, உடனே இவன் இரண்டு விரலை வாயில் வைத்தான், நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன், அவன் அடுத்த கையால் அடித்துவிட்டான் சீட்டி, அதற்குப் பிறகு நான் எழுந்தது எனக்கே தெரியாது.

"அடேய் லெயார்கோ! முப்பது வருஷமா என் கன்னத்தைக் கிழிக்கிறியே, ஒரு நாளாவது நான் சீட்டி அடிச்சிருக்கேனாடா?"

வாத்தியங்கள் நின்றுவிட்டன. ஓஸ்வால்தோ மேடையின் முனைக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தான்.

"அப்பா, உட்காருங்க."

உட்கார்ந்தேன். எர்சிலியா, எல்லாம் போச்சு, நாளைக்கே பையன் பிளாட்பாரத்தில் நிற்பான், அதற்கும் நானே காரணம் என்று நினைத்தேன். அவனோ நிதானமாக, "லெயார்கோ அண்ணே, சறுக்கினது உண்மைதான். மறுபடியும் பாடட்டுமா?" என்றான்.

"பாடு தம்பி! உங்கப்பன் வாயை நான் பொத்திடறேன்."

பொத்தினான். பையன் முதலிலிருந்து பாடினான். சறுக்கிய இடத்தை நான் பயந்து கண்ணை மூடியே கேட்டேன். அந்தச் சுரம் வந்தது, நின்றது, கூடம் முழுக்க நிறைந்தது. என் வாய்மேல் இருந்த லெயார்கோவின் கை நனைந்துவிட்டது. அது என் கண்ணீர். எச்சில் என்று அவன் ஊரெல்லாம் சொல்கிறான், நம்பாதே. மேல்மாடம் எழுந்து நின்று இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கத்தியது. சாகவேண்டிய டெனர் காத்திருந்து கால் கடுத்து, கத்தி படுமுன்பே படுத்துவிட்டான் என்று உன் அண்ணி சொல்கிறாள்.

பிறகு ஒப்பனை அறையில் பையன் என்னைக் கட்டிக்கொண்டான். "உங்க மேல வந்த கோபத்துல தொண்டை தொறந்துடுச்சு, அப்பா. ஆனா இன்னொரு தடவை உங்களை அங்க பார்த்தேன், பாதியிலேயே எறங்கிப் போயிடுவேன்."

நியாயம்தான். பிள்ளை தன் காலில் நின்றபிறகு தகப்பன் ஒதுங்கி நிற்கவேண்டும். இனி அவன் பாடும் எந்த ஊர் வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனம் அமைதியாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளின் உச்சியில் என் பேரில் ஆளுக்கொரு முத்தம் வை.

உன் அண்ணன்,
அமில்காரே

பி.கு.: சனிக்கிழமை அவன் ட்ரியெஸ்தேயில் பாடுகிறான். நானும் லெயார்கோவும் ஐந்தரை வண்டியில் போகிறோம். தொப்பி மட்டும் போதாது என்று இன்று காலை லெயார்கோ என் மீசையைச் சுத்தமாக மழித்துவிட்டான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். உன் அண்ணி திறந்து பார்த்து, "யாருங்க வேணும்?" என்றாள். எனக்கு உயிரே வந்தது.