உள்ளி தொடாத கத்தி

அந்தக் கத்தி உள்ளியைத் தொடாது. தொட்டால், வந்த பெட்டியிலேயே போட்டு என் கையாலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். இதை நான் அடுக்களை வாசலில் நின்று, வலது கையை உயர்த்தி, கிருபாபாயின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் குறுக்கீடு இல்லாமல் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான்.

உள்ளி என்றால் எங்கள் குளத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம். கத்தி என்றால் சாதாரணக் கத்தி அல்ல. ஆன்லைனில் வரவழைத்த கேம்பிங் கத்தி. மடக்கவே முடியாது, அலகும் பிடியும் ஒரே இரும்பு. இடுப்பில் மாட்டக் கறுப்பு உறை. விறகு பிளக்கும், கயிறு அறுக்கும், தீ மூட்டும், கூடாரத்துக்கு முளை செதுக்கும் என்று போட்டிருந்தார்கள். என்னிடம் கூடாரம் கிடையாது. பாறசாலை முக்கில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நான் பதில் சொல்லப்போவதில்லை. பத்து நாள் உபயோகித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரன் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான். கிருபாபாய் அதை மட்டும்தான் படித்தாள்.

"வீட்டில வெட்டுகத்தி உண்டு, மீன் கத்தி உண்டு. இது என்னத்துக்கு?"

"இது வெளி வேலைக்குள்ள கத்தியாக்கும்."

"அப்பம் இந்த உள்ளிய அரிஞ்சு தாங்க, பாப்போம்."

"உள்ளி அரியது வெளி வேலையா?"

"உள்ளி அரியாத கத்தி வீட்டுக்கு எதுக்கு? நாளைக்கே திருப்பி அனுப்புங்க."

அப்போதுதான் மேலே சொன்ன சபதத்தைச் செய்தேன். பத்து நாள் உள்ளி படாமல் கடந்தால் கத்தி எனக்கு, பட்டால் கம்பெனிக்கு. அவள் உடனே சம்மதித்துவிட்டாள். அந்த உடனேதான் என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ஆண்மகன் பயப்படவில்லை.

மறுநாளே வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையில் பரிசோதனையைத் தொடங்கினேன். சாட்சி, பக்கத்து வீட்டுப் பொன்னப்பன். முதல் சோதனை கயிறு. ஒரே இழுப்பில் அறுந்தது. அது கிருபாபாய் துணி காயப்போட்ட கயிறு என்பது, நாலு சேலையும் மண்ணில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கத்தியின் மேல் குற்றமில்லை. இரண்டாவது, விறகு. அலகைக் கட்டையில் வைத்து மேலே கல்லால் அடித்தேன், கட்டை இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது, கருக்கு, அதாவது இளநீர்க் காய். இளநீர் முழுவதும் பொன்னப்பனின் சட்டைக்குப் போனாலும் கருக்கு திறந்ததா இல்லையா? திறந்தது. நான்காவது, தீ. கத்தியின் முதுகால் கூடவே வந்த கம்பியை உரசினால் பொறி பறக்கும். முக்கால் மணி நேரம் உரசினேன். பொறி பறந்தது. தீ மட்டும் வரவில்லை.

"மக்கா, லைட்டர் தரட்டா?" என்றான் பொன்னப்பன்.

வாங்கவில்லை. அன்று மத்தியானம் வரை உரசிப் பற்றவைத்தேன். எரிந்தது ஈர்க்குச்சி என்றாலும் எரிந்தது என் தீ.

கிருபாபாய் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் கை சுளுக்கியது என்று உள்ளியை என் முன்னால் வைத்தாள். நான் தோலோடு முழுசாகக் குழம்பில் போடச் சொன்னேன். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்த கத்தி ஒன்றையும் காணவில்லை, எல்லாம் சாணை பிடிக்கப் போயிருக்கிறதாம். நான் உள்ளியை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டிக் கொடுத்தேன். அந்தக் குழம்பில் பாதி அம்மி இருந்தது. தின்றேன். ஏழு நாளும் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எட்டாம் நாள் அவள் தோற்றுவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொள்ளாம், அதாவது நல்ல சாதனம் என்று ஒப்புக்கொண்டாள். இதைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுங்கள், வீடியோ எடுக்கிறேன் என்றாள். ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் மூன்று நிமிடம் பேசுகிறவன். முன்னால் எதை வைத்தாலும் இது வெட்டும், எத்தனை மணி நேரம் வெட்டினாலும் கை வலிக்காது, பத்துப் பேர் வேலையை நான் ஒருத்தன் செய்வேன், சந்தேகம் உள்ளவர்கள் வெளியில் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சவால் விட்டேன். வீடியோவை யாருக்கு அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சபைச் செயலாளர் ஈசாக் வந்தார். மறுநாள் எங்கள் சபையில் அசனம். பண்டிகைக்கு ஊருக்கே போடுகிற சாப்பாடு அது. முந்தின நாள் சாயங்காலம் எல்லா வீட்டுக்காரர்களும் அவரவர் கத்தியோடு சபைக் கோயிலுக்குப் பின்னால் கூடி, காய்கறி வெட்டிக் கொடுப்பது வழக்கம். வழக்கமாக நான் கட்டன் சாயா குடித்துக்கொண்டு, அவியலுக்கு இன்னும் நீளமாக வெட்டச் சொல்லி மற்றவர்களுக்கு யோசனை கொடுப்பேன்.

"அண்ணோ, வீடியோ கண்டோம்," என்றார் ஈசாக். "உள்ளி மூணு சாக்கும் அண்ணனுக்காக்கும் தனியா மாத்தி வச்சிருக்கு."

சபை வாட்ஸ்அப் குழுவில் எழுபத்துமூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். போதகர் கைகூப்பியிருந்தார். அசனத்துக்கு மாட்டேன் என்று சொன்னவன் எங்கள் சபையில் இன்னும் பிறக்கவில்லை. நான் கிருபாபாயைப் பார்த்தேன்.

"வெளி வேலைதானே," என்றாள். "மேல கூரை கூட கிடையாது."

அந்தச் சாயங்காலத்தை விரிவாகச் சொல்ல மாட்டேன். விறகு பிளக்கிற அலகு உள்ளியை அரியாது, பிளக்கும். பிளந்ததில் பாதி பறக்கும். ஒன்று ஈசாக்கின் கண்ணாடியில் போய் விழுந்தது. என் கண்ணிலிருந்து கொட்டியதைப் பார்த்து, இந்த சபையில் இவ்வளவு உருகி மனந்திரும்பியவரைத் தான் கண்டதில்லை என்று போதகர் சொன்னார். கிருபாபாய் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயா குடித்தாள். இன்னும் பொடியாக அரியச் சொல்லி யோசனையும் கொடுத்தாள்.

ஆனாலும் நான் தோற்கவில்லை. மூன்றாவது சாக்கில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. உள்ளி பட்டாயிற்று. இனி கத்தி கம்பெனிக்குத்தான். கத்தி இல்லாதவனை அடுத்த அசனத்துக்கு எவன் கூப்பிடுவான்? வீட்டுக்கு வந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

"சொன்ன சொல்லு சொல்லாக்கும். நாளைக்குத்தான் பத்தாம் நாள். நான் திருப்பி அனுப்பப் போறேன்."

"அது முடியாதே. நான் உங்க போன்ல, பிடிச்சிருக்கு, திருப்பித் தரல்லண்ணு அமுத்தியாச்சு."

"நீதானடி திருப்பி அனுப்பணும்ணு நிண்ண?"

"அண்ணு எனக்கு இதோட உபயோகம் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழம காரோடு ஊர்ல, என் தங்கச்சி ஜெஸ்னாக்க சபையில அசனம். உங்க பேரு குடுத்திருக்கேன்."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம். கண்ணீரும் கத்தியுமாக என் படம். அதன் கீழே, என் பேரில், ஒரே ஒரு வரி:

"உள்ளி அரியக் கொள்ளாம்."