தொண்ணூறு வெள்ளை, பத்து நீலம்

தவசி சுருக்குப்பைக்குள் கைவிட்டு எடுத்த மொச்சை நீலமாக இருந்தது.

டாக்டர் பாலசுந்தரம் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனைக்கும் எதிர்பார்ப்பதுதான் அவருடைய பெருமையே. இதய ஆபரேஷனுக்குப் பிறகு யார் நடந்து வீட்டுக்குப் போவார், யார் போகமாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வயசு, மூச்சிரைப்பு, கால்வீக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் விடை வந்துவிடும். அதற்கு ‘பாலசுந்தரம் அளவுகோல்’ என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். உலகம் வைக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். சுருங்கிப்போன இதய வால்வை விரல் விட்டு விரித்துவிடும் ஆபரேஷனை மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நாகசுப்பிரமணியன்தான் செய்வார். பாலசுந்தரம் எதிரே நின்று கொக்கி போட்டு விலா எலும்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் பெரிய டாக்டருக்கு மனம் இரங்கியது.

“அந்தத் தவசி கேஸை நீங்க செய்யுங்க. நான் எதிரே நிக்கிறேன். அவங்களைச் சம்மதிக்க வைக்கிறது உங்க பாடு” என்றார்.

தவசி உசிலம்பட்டி ரோட்டுப் பக்கத்து விவசாயி. கிணற்றடியிலிருந்து வயலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்குகிற நிலைமை. அவரிடமும் அவர் மனைவி ஒச்சாயியிடமும் பாலசுந்தரம் தன் கணக்கை எடுத்துச் சொன்னார்.

“உங்களை மாதிரி நூறு பேருக்குச் செஞ்சா தொண்ணூறு பேர் பிழைச்சுக்குவாங்க. அதுவும் நானே செய்யப்போறேன். கவலையை விடுங்க.”

“மிச்சம் பத்துப் பேரு யாருங்கய்யா?” என்று கேட்டார் தவசி.

“அது யாருன்னு சொல்ல முடியாது.”

“யாருன்னு தெரியாமயா சாவாக?”

பாலசுந்தரத்தின் அளவுகோலில் இந்தக் கேள்விக்கு மார்க் இல்லை. வீட்டிற்குப் போய் மனைவிக்குத் தெரியாமல் நூறு மொச்சையை எண்ணி எடுத்தார். பத்துக்குப் பேனா மை பூசிக் காயவைத்தார். மறுநாள் ஒச்சாயியின் சுருக்குப்பையை வாங்கி, வெற்றிலை பாக்கை ஓரமாகக் கொட்டிவிட்டு மொச்சையை நிரப்பினார்.

“இதுல கையை விட்டா வெள்ளை வர்றதுக்குத்தானே வழி அதிகம்? அதைத்தான் தொண்ணூறுன்னு சொல்றேன்.”

விளக்கம் அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். தவசிக்கு அப்போதுதான் ஆரம்பமானது. அவர் ஊரில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் கட்டி, சாமி முன்னால் போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். தவசி கட்டிலைவிட்டு இறங்கி, குலசாமி இருக்கிற மேற்குத் திசையைப் பார்த்து நின்று, வாய்க்குள் என்னவோ கேட்டுவிட்டுக் கையை விட்டார்.

நீலம் வந்துவிட்டது.

“இன்னொரு தடவை எடுங்க, தவசி” என்றார் டாக்டர் அவசரமாக.

“சாமிகிட்ட ஒருக்காக் கேட்டாக் கேட்டதுதேன்” என்றாள் ஒச்சாயி, வெற்றிலை பாக்கைப் பொறுக்கியபடி.

“ஐயோ, இது சும்மா விளக்கத்துக்கும்மா!”

“சாமி சும்மா வெளையாடுமா டாக்டரய்யா?”

அரைமணி நேரத்தில் இருவரும் பஸ் பிடிக்க ஆரப்பாளையம் போய்விட்டார்கள்.

மொச்சைக்கு ஒரு சக்தியும் இல்லை என்று வார்டுக்கே நிரூபித்துவிடலாம் என்று பாலசுந்தரத்துக்குத் தோன்றியது. ஏழாம் கட்டில் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டார். அளவுகோலின்படி கருத்தக்கண்ணன் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஆபரேஷனுக்குப் பேனா பிடித்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

“நீங்க எடுங்கண்ணே. எது வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

கருத்தக்கண்ணன் எடுத்தார். நீலம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏழாம் கட்டிலும் காலி. அவர் போவதைப் பார்த்து எட்டாம் கட்டில்காரரும் செருப்பைத் தேடினார்.

சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் காலிக் கட்டில்களையும் மொச்சைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்ன வார்டா, குறி சொல்ற எடமா?”

“புள்ளியியல் சார்...”

“உங்க புள்ளியியலைக் கொண்டுபோய்க் குழம்புல போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள அந்தத் தவசி இங்க இருக்கணும். அந்த ஆளுக்கு நாள் அதிகமில்லை, தெரியுமில்ல?”

தெரியும். அளவுகோல் அதையும் சொல்லியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலசுந்தரம் பஸ் ஏறினார். இந்த முறை விஞ்ஞானத்தை அதன் போக்கில் விடுகிற துணிச்சல் அவருக்கு இல்லை. புதுப் பையில் இருந்த நூறு மொச்சையும் வெள்ளை.

வேப்பமரத்தடியில் தவசி கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊரே கூடிவிட்டது.

“அந்தப் பை ஆஸ்பத்திரிப் பை. அதுல உங்க சாமி எப்படி வரும்? இது புதுசு. உங்க ஊர் மண்ணுல வச்சு எடுங்க” என்றார் டாக்டர். இப்படிப் பேச எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது.

தவசி மேற்கே திரும்பி, முன்போலவே வாய்க்குள் கேட்டுவிட்டு எடுத்தார். வெள்ளை! பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ டாக்டர் மடியில் ஒரு சேவலை வைத்தார்கள். பாலசுந்தரம் அதோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். சேவலைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்ததில் பை கைமாறிவிட்டது.

மாடு கன்று போடுமா என்று ஒருவர் எடுத்தார். வெள்ளை. மகனுக்கு வேலை கிடைக்குமா? வெள்ளை. நல்லகாமன் வரப்புத் தகராறு வழக்கில் தான் ஜெயிப்போமா என்று எடுத்தார். வெள்ளை. உடனே காளை என்கிற அவர் பங்காளி பையைப் பிடுங்கி, அதே வழக்கில் தான் ஜெயிப்போமா என்று எடுத்தார். அதுவும் வெள்ளை.

“ரெண்டு பேரும் எப்படிடா செயிப்பீக?” என்றது கூட்டம்.

காளை பையைக் கவிழ்த்துக் கொட்டினார். வேப்பமரத்தடி முழுக்க வெள்ளை.

“நீலத்தக் காணோம்! படிச்ச ஆளு சாமிய ஏமாத்தியிருக்காருப்பா!”

நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சேவலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

“ஆமாய்யா, ஏமாத்தினேன்!” என்று கத்தினார் பாலசுந்தரம். “அவர் மூச்சு விடுறதைப் பாருங்க. இப்படியே விட்டா அடுத்த மழைக்கு இருக்கமாட்டார்யா. செஞ்சா பொழைச்சுக்குவார். அதை எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்னு எனக்குத் தெரியலை. அதான் இந்தத் திருட்டுத்தனம். அடிக்கணும்னா அடிங்க, அவரை மட்டும் அனுப்பிவைங்க.”

கத்தி யார் கையில் என்கிற நினைப்பே அந்த நிமிஷம் அவருக்கு இல்லை. தவசி பிழைத்தால் போதும் என்று இருந்தது. அது அவருக்கே ஆச்சரியம்தான்.

தவசி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப இப்ப வந்த வெள்ளை சாமி குடுத்ததில்லையா, டாக்டரய்யா?”

“இல்லை. நான் குடுத்தது.”

தவசியும் ஒச்சாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, நாளைக்கு வாரோம்” என்றார் தவசி நிம்மதியாக.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலசுந்தரம் தன் பேச்சைத் தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனிதனின் உண்மைக்கு எந்த அளவுகோலிலும் மார்க் போட முடியாது என்று ஒரு வாக்கியம் தோன்றியது. அடுத்த மாநாட்டில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சொன்னபடி தவசி வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் பெரிய டாக்டருக்கே நம்ப முடியவில்லை.

“எப்படிய்யா கூட்டிட்டு வந்தீங்க?”

“உண்மையைச் சொன்னேன் சார். நீலத்தைப் பார்த்துப் பயந்திருந்தாங்க. அந்தப் பயம் போயிருச்சு” என்றார் பாலசுந்தரம், கையுறையை மாட்டத் தயாராகிக்கொண்டே.

ஓரமாக நின்ற ஒச்சாயி பெரிய டாக்டர் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“ஆபரேசனுக்குப் பயமா? அவரு வந்த அன்னைக்கே சம்மதந்தேன்யா. இந்தச் சின்ன டாக்டரு கையால அறுத்துக்கிறலாமான்னு கேட்டுல்ல அவரு மொச்சை எடுத்தாரு, சாமி நீலத்தக் குடுத்துருச்சு, மூஞ்சிக்கு நேராச் சொல்ல மனசில்லாம ஊருக்குப் போனோம், ரெண்டாவது பை பொய்யின்னு இவரே சொல்லிட்டாரு, அதுனால நீங்களே அறுத்துருங்கய்யா!”