பெங்காலி தெரிந்தவர்

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்த சிலாஸின் தலையில், மாடிப்படிக்குக் கீழே நின்றபடியே அந்தச் செய்தியை இறக்கினார் டோரிஸ் ஆன்ட்டி.

"நாளைக்கு பெங்காலிப் படம், சிலாஸ். முனை வீட்டு வேணுகோபால் சாரையும் வரச்சொல்லியிருக்கேன். அவருக்கு பெங்காலி தண்ணி பட்ட பாடு. நீ சொல்றதுல எங்கயாவது விட்டுப்போச்சுன்னா அவர் சேத்துச் சொல்வார்."

ஸ்டவ் அணைந்துபோனது. சிலாஸும்தான்.

நாசரேத் பக்கத்துப் பையன் சிலாஸ். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில், ஓய்வுபெற்ற நர்ஸான டோரிஸ் ஆன்ட்டி வீட்டு மொட்டைமாடி அறையில் ஒன்றரை வருஷமாக இருக்கிறான். அந்த ஒன்றரை வருஷத்தில் அவனைத் தேடி ஒரு ஆள் வந்ததில்லை. தபால்காரர்கூடக் கீழேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில், பையன்கள் பேச்சு தெலுங்கில், கேன்டீனில் வம்பு ஹிந்தியில். மூன்றிலும் அவனால் பஸ் டிக்கெட் வாங்க முடியும். அதற்கு மேல் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பையன் சும்மா இருக்கவில்லை. செகந்திராபாத்தில் தமிழ்ப் புத்தகம் எடுக்க ஒரு லைப்ரரி இருந்தது. வாரம் இரண்டு தடிப் புத்தகம் தூக்கி வருவான். தமிழ்ப் படம் காலைக்காட்சி போட்டால் முதல் ஆளாய் நிற்பான். ஆனால் படித்ததையும் பார்த்ததையும் யாரிடமாவது கொட்டாவிட்டால் அது வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் ரகம் அவன். ஒரு தடவை முந்நூறு பக்கத் துப்பறியும் நாவலை முடித்த கையோடு மெஸ்ஸுக்குப் போய், பரிமாறுகிறவரிடம், "கொன்னது தங்கச்சிதாங்க, நான் நினைக்கவே இல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். தெலுங்கு மட்டுமே தெரிந்த அந்த மனிதர் யோசித்துப் பார்த்து இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றிவிட்டுப் போனார்.

விமோசனம் ஆன்டெனா வழியாக வந்தது.

ஆன்ட்டி வீட்டு டீவி ஆன்டெனா அவன் அறை வாசலில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றில் அது திரும்பிக்கொள்ள, திருப்பி வைக்கச் சொன்னார்கள். கீழே முற்றத்தில் நின்று வழிகாட்டியவள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா. ரயில்வே ஒர்க்ஷாப் ஃபிட்டரின் மனைவி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் என்பதால் அவள் தமிழில் ஆமாமுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் கறிவேப்பிலை மாதிரி கிடக்கும். படம் தெளிந்ததும், இனித் திருப்பாதே என்ற அர்த்தத்தில் "நக்கோ, நக்கோ" என்று கத்தினாள். இன்னும் தெளியவில்லை என்கிறாள் போல என்று அவன் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். மன்னிப்புக் கேட்கக் கீழே போனவனுக்கு ஒரு துண்டு கேக்கும் ஒரு நாற்காலியும் கிடைத்தன.

ஞாயிறு மத்தியானம் டீவியில் வாரத்துக்கு ஒரு மொழியில் படம் போடுவார்கள். அன்று குஜராத்திப் படம். அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஆன்ட்டிக்குக் கண்ணில் புரை. செல்லம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "நீ படிச்சு எங்களுக்குச் சொல்லேன்" என்றார் ஆன்ட்டி.

அங்கேதான் வந்தது வினை. படத்தில் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, எழுத்தும் வெள்ளை. ஒரு எழுத்துத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடும். சிலாஸ் துணிந்து ஒரு கதை விட்டான். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சின்ன வயதில் தொலைந்த இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கொடுத்தான். பெயர் ஒன்றும் விளங்காததால் எல்லோருக்கும் ஞானஸ்நானம் செய்து தன் ஊர்ப் பெயர்களையே வைத்தான். கடைசியில் இரண்டு பெண்களும் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிந்த வாரங்களில்கூட அவன் படிக்கவில்லை. படித்தால், ஒருவன் நடக்கிறான், யோசிக்கிறான், மழை வரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? லைப்ரரிப் புத்தகங்களிலிருந்து கள்ளக் கையெழுத்து, காணாமற்போன மோதிரம், விஷப் பால் எல்லாவற்றையும் எடுத்து மராத்திக்காரனுக்கும் மலையாளிக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு வைத்தான். படம் முடிந்ததும் டீயோடு விவாதம் நடக்கும். அந்தப் பெரியம்மா செய்தது நியாயமா, அவன் தம்பியை மன்னித்திருக்கலாமா என்று மூவரும் ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது வேணுகோபால் வருகிறார். கரக்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயராகி, மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, வாசல் முடிந்ததும் ரோட்டுக்கும் தெளித்துக்கொண்டிருப்பார். கரக்பூர் வங்காளத்தில் இருக்கிறது, ஆகவே வேணுகோபாலுக்கு பெங்காலி தெரியும் என்பது தெருவில் ஒருமனதாக முடிவான விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிலாஸ் காய்ச்சல் என்று படுத்தான். அது பெரிய தப்பு. ஆயுள் முழுக்கக் காய்ச்சல்காரர்களோடு குடித்தனம் நடத்தின நர்ஸிடம் போய்க் காய்ச்சல் என்று சொல்லலாமா? நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, சரியாகச் சாப்பிடாத களைப்புத்தான் என்று தீர்ப்புச் சொன்ன ஆன்ட்டி, மத்தியானம் அவனைத் தன் வீட்டிலேயே சாப்பிடச் சொல்லி, டீவிக்கு நேர் முன்னால் ஈஸிசேரும் போட்டுவிட்டார். பக்கத்திலேயே வேணுகோபாலுக்கு நாற்காலி. கடைசி வரிசையில் ஒண்டிக்கொள்ள இருந்த வழியும் போயிற்று.

படம் ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. சிலாஸுக்கு உயிர் வந்தது. நான் பார்க்கிறேன் என்று மாடிக்கு ஓடினான். ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்து, ஸ்டேஷன் இருக்கும் திசைக்கு நேர் எதிராக முகத்தைத் திருப்பினான். கீழே செல்லம்மா நக்கோ என்று கத்தினாள். அவனுக்கு இப்போது அர்த்தம் நன்றாகத் தெரியும். தெரியாதவன் மாதிரி இன்னும் திருப்பினான். அவள் தொண்டை கட்டும் வரை திருப்பிவிட்டு, கம்பி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்ற சோக முகத்தோடு இறங்கி வந்தான்.

அதற்குள் வேணுகோபாலும் வந்து உட்கார்ந்திருந்தார். படம் அடியோடு போயிருந்தது. திரை முழுக்கச் சாம்பல். ஆனால் குரல் மட்டும் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது.

"போகட்டும் விடு. படம் இல்லாட்டி என்ன, வசனம் கேக்குதே" என்றார் ஆன்ட்டி. "அதுக்குத்தான் சார் இருக்காரே."

சிலாஸ் மளமளவென்று யோசித்துப் பார்த்தான். நல்லதாயிற்று. படம் இல்லை என்றால் எழுத்து இல்லை. எழுத்து இல்லை என்றால் அவனுக்கு வேலை இல்லை. "சார் சொல்லுதாக, நான் கேக்கேன்" என்று பவ்யமாக ஒதுங்கினான்.

வேணுகோபால் இருமினார். காலையிலிருந்து தொண்டை சரியில்லை என்றார். தான் பையன் காதில் சொல்வதாகவும், பையன் அதைச் சத்தமாகச் சொல்லட்டும் என்றும் ஏற்பாடு செய்தார். நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து சிலாஸின் காதில் வாயை வைத்தார்.

டீவியில் ஒரு ஆண்குரல் ஏதோ சொன்னது.

"ஒருத்தன் பேசறான்" என்றார் வேணுகோபால் காதோடு.

சிலாஸ் காத்திருந்தான். டீவியில் பெண்குரல் வந்தது.

"இப்ப ஒருத்தி பேசறா."

சிலாஸுக்கு வேர்த்துவிட்டது. மனிதர் எமகாதகர். தான் எதையும் சொல்லாமல் இவன் என்ன புளுகுகிறான் என்று பார்க்கிறார். வைவா நடத்துகிற வெளியூர் எக்ஸாமினர் மாதிரியே கண்ணை வேறு மூடிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன்காரன் ஊர்ல இருந்து வந்திருக்கான்" என்றான் சிலாஸ். "தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

வேணுகோபாலைப் பார்த்தான். அவர் கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

கல்யாணத்தை அவன் ஜோராக நடத்தினான். மேளம், பந்தி, மாப்பிள்ளைத் தோழன் அடிக்கிற கூத்து. உச்சக்கட்டத்தில் திரும்பிப் பார்த்தால், ஆன்ட்டி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில் என்று தனியாக இருக்கிற மனுஷியிடம் போய்க் கல்யாணக் கதை சொன்னோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, பந்தியில் ஒரு திருடனைப் புகுத்தினான். திருடன் பாயசத்தில் வழுக்கி விழுந்தான். ஆன்ட்டி இன்னும் பலமாக விசும்பினார்.

சரி, சிரிப்பு வேலைக்காகாது என்று, சொத்துக்காக அலையும் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வரவழைத்து ஒரே மூச்சில் சாகடித்தான். பிணத்தைச் சுற்றி உறவுக்காரர்களை உட்கார வைத்து ஒப்பாரி ஆரம்பித்தான். ஆன்ட்டி சிரித்தார். லேசாக அல்ல, தோள் குலுங்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லை. நீ சொல்லு, அப்புறம்?"

அதுவரை கட்டியிருந்த வேணுகோபாலின் தொண்டை சட்டென்று திறந்துகொண்டது. பெங்காலிகள் வீட்டுச் சாவு அப்படித்தான், அங்கே துக்கத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று விளக்கம் கொடுத்தார். சிலாஸ் அவரை வெறித்துப் பார்த்தான். இல்லாத சித்தப்பாவின் சாவுக்கு விளக்கம் கொடுக்கிறாரே? சோதித்துப் பார்த்துவிடுவது என்று, செத்த சித்தப்பா பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து உயிலை மாற்றி எழுதச் சொல்வதாக ஒரு போடு போட்டான்.

"அதையேதான் சொல்றான்" என்றார் வேணுகோபால். "அட்சரம் பிசகலை."

மீதிப் படம் முழுக்க ஆன்ட்டி தப்பான இடத்தில் அழுவதும், தப்பான இடத்தில் சிரிப்பதும், சிலாஸ் துரத்திக்கொண்டு போய்க் கதையை வளைப்பதுமாகக் கழிந்தது. கடைசியில் யாரை யாருக்குக் கட்டிவைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. இசை வந்து முடிந்ததும் ஆன்ட்டி, "நல்ல படம்ப்பா, ரொம்ப நல்ல படம்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்.

வேணுகோபால் அவன் கையைப் பிடித்து வெராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, நீ ஒண்ணும் வெளிய சொல்லிடாதப்பா" என்றார். "கரக்பூர்ல நாங்க இருந்த லைன் பூரா தெலுங்குக்காரங்க. ஒர்க்ஷாப்ல தெலுங்கு, மார்க்கெட்ல தெலுங்கு. எனக்கு பெங்காலி சுத்தமா வராது. இங்க வந்தா, தெரியுமாமேன்னு கேட்டு நாற்காலி போட்டாங்க. மகன் வீட்லயும் நாற்காலி இருக்கு. எதுத்தாப்புல உக்காரத்தான் ஆள் இல்லை. இல்லேன்னு சொல்ல மனசு வரலை. நீதான் படிச்ச பையன், என்னைக் காட்டிக் குடுத்துடுவியோன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை."

சிலாஸுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. தன் கதையையும், குஜராத்தி இரட்டையரில் தொடங்கி, முழுக்கச் சொன்னான். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அவன் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து ஓய்ந்தபின் அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"ஆன்ட்டி பாவம், சார்" என்றான். "நாம சொன்ன அவ்வளவு பொய்யையும் நம்பிட்டு உக்காந்திருக்காக."

பின்னால் டீத் தட்டோடு செல்லம்மா நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தட்டை நீட்டிவிட்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்.

"நீ மேல கம்பியைத் திருப்பிட்டிருந்தப்பவே, சார் வந்து உக்கார்றதுக்கு முன்னாலயே, பெங்காலிப் படம் வரலை, இன்னிக்கு ஒரியாப் படம்னு டீவியில சொல்லிட்டாங்க தம்பி. டோரிஸம்மா ஒரிசாவுல கட்டாக் பக்கம் எத்தனையோ வருஷம் நர்ஸா இருந்தவங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை விடாம புரியும். நான்தான் உங்ககிட்ட சொல்ல வாயைத் திறந்தேன், 'பேசாம இரு செல்லம்மா, சொன்னா ரெண்டு பேரும் எழுந்து போயிடுவாங்க'ன்னு என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சிட்டாங்க."