கரண்ட் போன நேரத்தில் என் நிழல்

தன்னைத்தானே அறிந்துகொள்வது நல்ல காரியம்தான். ஆனால் அதை வாய்விட்டுச் செய்யக் கூடாது. கல்யாண வயதில் இருக்கும் பெண் செய்யவே கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில், பட்டுச்சேலையோடு பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் செய்யவே செய்யக் கூடாது. இத்தனையையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்துவிட்டு, கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்காதீர்கள். அது முழுநேர உத்தியோகம். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்ல வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. ஊருக்குள் எனக்கு 'தங்கமான புள்ள' என்று பெயர்.

அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்க வந்து சேர்ந்தது ஒரு புத்தகம். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் நடைபாதைக் கடையில், கோழி வளர்ப்புக்கும் டைப்ரைட்டிங் பயிற்சிக்கும் நடுவில் கிடந்தது. அட்டை இல்லை. முன்பக்கங்கள் இல்லை. எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்கார பாய் நேர்மையான மனிதர். "கடேசிப் பக்கமும் கொஞ்சம் இல்லீங்க பாப்பா, பாத்து எடுங்க" என்று எச்சரித்தார். கேட்டேனா? (கிளப்பிவிட்டதைத் திரும்ப அடக்குவது எப்படி என்பது அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.)

புத்தகம் சொன்னது இதுதான். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு நிழல் ஆள் உண்டு. நல்ல பெயர் வாங்குவதற்காக நாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்ட கோபம், பொறாமை, ஆசை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆள். யாரைப் பார்த்தால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறதோ, அவரிடம் நாம் பார்ப்பது நம்முடைய நிழலையே. இதற்குக் குருவும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு நிழலோடு பேச வேண்டும். பிறகு அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, நிழலாக நாமே பதில் சொல்ல வேண்டும். சத்தமாக, கூச்சப்படாமல், தனிமையில்.

தனிமைக்கு எங்கே போவது? பாத்ரூமில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் "அம்மணி, வகுறு சரியில்லையா?" என்று கதவுக்கு வெளியே கூட்டம் கூடும் வீடு எங்களுடையது. யோசித்து யோசித்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் எங்கள் விசைத்தறி குடோன். தறிகள் ஓடும்போது அங்கே இடி விழுந்தால்கூட இடிக்குத்தான் அவமானம். நூல் மூட்டைகள் அடுக்கிய மூலையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டேன். தறி ஓட்டுகிறவர்கள் பத்தடி தள்ளி நின்றாலும், என்ன கத்தினாலும் ஒரு காதுக்கும் எட்டாது. உலகத்திலேயே என்னைப் போல அறிவாளி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலி நாற்காலியைப் பார்த்து, "ஏனுங்க, உள்ள யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்டேன். எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். "இருக்கறனுங்க. வாங்க, சாப்புட்டீங்களா?" என்றது என் நிழல். நிழல் சீறும், உறுமும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என்னுடையது கொங்கு நாட்டு நிழல். பாவம், அதற்கும் 'ங்க' போடாமல் பேச வரவில்லை.

போகப்போகத் தேறியது. "யாரைப் பாத்தா உங்களுக்குப் பத்திக்கிட்டு வருது?" என்று கேட்டால், யோசிக்காமல் "அத்தைங்க" என்றது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எனக்கு வரன் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. அவர் வாயில் பொய் வராது; பொய்யைத் தேனில் குழைத்த ஒரு பலகாரம்தான் வரும். முகத்துக்கு நேரே "வாங்க கண்ணு, இளைச்சுப் போய்ட்டீங்களே" என்பார். அந்தப் பக்கம் திரும்பியதும், "உருண்டு போறா பாரு" என்பார். நிழல் நாற்காலியில் உட்கார்ந்து அத்தையைப் போலவே இழுத்து இழுத்துப் பேசி, முந்தானையை அவரைப் போலவே செருகிக் காட்டுவேன். அந்த நடிப்புக்கு மட்டும் ஏதாவது விருது இருந்திருந்தால் எனக்குத்தான் கிடைத்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் கிணத்துக்கடவு வரன் வந்தது. தென்னந்தோப்பு, நல்ல குடும்பம், ஒரே பையன். ஏற்கெனவே இரண்டு இடங்கள் ஜாதகத்தில் தட்டிப் போயிருந்தன. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்பா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "சரிங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் எனக்கே தெரியாது. பையனின் போட்டோவை மட்டும் யாருக்கும் தெரியாமல் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் மீசைதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய மீசை.

அவர்கள் வரும் நாளில் அப்பா ஒரே ஓர் உத்தரவுதான் போட்டார். "தறி ஒண்ணுகூட நிக்கப்படாது. வாரவங்க காதுல சத்தம் உழுந்துட்டே இருக்கோணும்." எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. நகையைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம், தறிச்சத்தத்தைப் பூட்டி வைக்க முடியாது.

கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முதலில் மீசை இறங்கியது, பிறகு மாப்பிள்ளை இறங்கினார். வாசலில் அவருடைய அம்மாவின் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாரும் கவனிக்காதபோது மாப்பிள்ளை குனிந்து, கையாலேயே அதை நிமிர்த்தி ஜோடி சேர்த்து வைத்தார். எனக்குள் ஏதோ தடக்கென்றது. பெரிய முடிவு எடுக்கும் முன் நிழலைக் கேள் என்று புத்தகத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. "மொகம் கழுவிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

அன்றைக்கு நிழல் நல்ல வேகத்தில் இருந்தது. "வந்தவங்களுக்கு வெச்ச ஒப்பிட்டுப் போளி நான் சுடலீங்க, அம்மா சுட்டதுங்க! இந்தச் சேலை என்னுதில்லீங்க, சித்தியோடதுங்க! அத்தை சொல்றது அத்தனையும் பொய்யிங்க! அதுக்குத் தலையாட்டற நானும் பொய்யிதானுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் நாற்காலி மாறி, முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "மாப்பிள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?" திரும்ப நாற்காலி மாறினேன். "ஆளு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க!" என்றது நிழல். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

அந்த மூச்சில்தான் கரண்ட் போனது.

முன்கட்டில் அந்த நொடியில் அத்தை, "எங்க புள்ள அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எல்லாத் தறிகளும் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதியில் என் குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்படி கிளம்பியது.

"அந்த மீசையத்தானுங்க கண்ணுல பாக்க முடியல! மொதல்ல அதைச் செரைக்கோணும்!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லார் கையும் மூக்குக்குக் கீழே போனதாம். (அத்தையின் கையும் போனது என்று தம்பி இன்றுவரை சத்தியம் செய்கிறான்.)

காப்பித் தட்டோடு நான் உள்ளே போனபோது ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"குடோனுல யாரு அம்மணி பேசுனது?"

"அது தறி ஓட்டற புள்ளைங்க. அதுக எப்பவும் இப்பிடித்தானுங்க" என்று அத்தை பாய்ந்து வந்தார். எனக்காகத்தான் சொன்னார். தலையாட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. ஆனால் இத்தனை நாள் கத்திக் கத்திப் பழகிய வாய் கேட்கவில்லை.

"நான்தானுங்க" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா பாதிக் காப்பியோடு எழுந்தார். "ஊட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிட மரியாதையாக 'வேண்டாம்' என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி வாசல்வரை போனார். நான் காலித் தட்டோடு அடுக்களைக்குப் போனேன்.

அதற்குள் கரண்ட் வந்து தறிகள் மறுபடி கிளம்பின. "நானும் சோமனூர்த் தறிக்காரங்க ஊட்டுப் புள்ளதானுங்க. வந்தது வந்தாச்சு, தறியப் பாத்துட்டு வாரேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா பின்பக்கம் போனார். நான் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தேன். குடோன் வாசலில், எங்கள் தறி ஓட்டும் முத்தக்கா அவரைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முத்தக்காவின் உதடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"ஆளு ரொம்பப் புடிச்சிருக்குதுன்னுதானுங்க மொதல்ல சொல்லிச்சு. கரண்ட் போறதுக்கு முன்னால. நான் வாயப் பாத்தனுங்க."

மாப்பிள்ளையின் அம்மா தோள் குலுங்கச் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறிக்காரர்களுக்குக் காது எதற்கு? பகல் முழுக்க அந்த இரைச்சலில் வாயசைவைப் பார்த்துத்தானே சண்டையும் சமாதானமும் ஊர்வம்பும் நடக்கிறது? தறிக்கார வீட்டிலேயே பிறந்து, நடக்கப் பழகும் முன்பே வாய் பார்க்கப் பழகியவள் நான். அப்படிப்பட்டவள் தனிமை தேடி, அத்தனை பேர் கண்ணுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் மனசை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன்!

அவர்கள் போன பிறகு முத்தக்காவிடம் போய், "எத்தனை நாளாக்கா?" என்று கேட்டேன்.

"மொத நாள்ல இருந்தேதான் அம்மணி. அத்தை மாதிரி பேசுவீங்கல்ல, அன்னிக்கெல்லாம் அந்தக் கடைக்கோடித் தறிக்காரங்க இங்க வந்து நின்னு பாப்பாங்க. ஆனா சித்தப்பாவைப் பத்திச் சொன்னீங்க பாருங்க, அது கொஞ்சம் ஓவருங்க."

அத்தை அன்று மாலை பஸ்ஸிலேயே அவிநாசிக்குத் திரும்பிவிட்டார். ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. புத்தகத்தை அம்மா தண்ணீர் காயவைக்கும் அடுப்பில் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே கார் வந்தது. இந்த முறை சொல்லி அனுப்பவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை இறங்கினார். மீசை இல்லை.

சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. உரித்து வைத்த பனங்கிழங்கு மாதிரி இருந்தார். என் நிழல் எடுத்துக்கொடுத்த ஒரே முடிவு, அதுவும் தப்பு. "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. மறுபடி வளத்துக்கறீங்களா?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணப் போட்டோவில் பாதி வளர்ந்த மீசையோடு நிற்கிறார்.

அந்தப் புத்தகம் சொன்னதில் ஒன்று மட்டும் பலித்தது. போன வருடம் நாத்தனார் மகளுக்கு ஒரு வரன் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து, "எங்க புள்ள அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதுங்க" என்று தேன் சொட்டச் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். முந்தானையைக்கூட அத்தையைப் போலவே செருகியிருந்தேன்.

கிணத்துக்கடவில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது, எங்கள் வீட்டைத் தவிர. பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மாமியார் சம்மதிக்கவில்லை. மின்விசிறி ஓய்ந்து, டிவி அணைந்து, வீடே கம்மென்று ஆனதும், வேர்த்து வழிந்தபடி அவர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"கரண்ட் போயிருச்சு அம்மணி. இப்பச் சொல்லு, கேக்கறோம்."