எங்கள் சந்தில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை

முஹர்ரம் பே, அலெக்சாந்திரியா.
குளிர்காலத்துக் காஸிம் புயல் கடந்து போன வாரம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரி தவ்லத் அக்காவுக்குத் தம்பி ஷுக்ரி எழுதிக்கொண்டது. இறைவன் அருளால் நானும் என் முழங்காலும் நலம். நீயும் மகன் ஹானியும் மாண்ட்ரியல் பனியில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்றுக்குப் பதில் சொல்வதால், காகிதத்திலேயே முறையிடுகிறேன்.

அக்கா, நம் சந்தில் தண்ணீர் நிற்பதில்லை. இதில் முறையிட என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். அரையாண்டுப் பரீட்சைக்கு நீ போன அழகை மறந்துவிட்டாயா? இடுப்பளவு மழைத் தண்ணீர், அம்மா துணி துவைக்கும் செம்புத் தொட்டியில் குடையோடு நீ, பின்னால் தள்ளிக்கொண்டு இஸ்திரிக்காரர், மாடிகளிலிருந்து மொத்தச் சந்தும் வேடிக்கை. நீ ராணி மாதிரி எழுந்து நின்று கையசைத்தாய், தொட்டி கவிழ்ந்தது, பூகோளப் பரீட்சையை நனைந்த காலுறையோடு எழுதினாய். அந்தக் குளிர்காலங்களில் கீழ்த்தளத்துக்காரர்கள் எல்லாரும் அடுப்பும் படுக்கையுமாக மேலே வந்துவிடுவார்கள். ஈரக் கம்பளியும் பருப்புச் சூப்பும் கலந்த அந்த வாசனை இப்போது எந்தக் கடையில் கிடைக்கும்?

எல்லாம் நெர்மீன் என்ற இன்ஜினியர் பெண்ணால் வந்தது. கூட்டத்துக்கு வேறு யாரும் வராததால் கட்டடச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். அதனால் என்னிடம்தான் விளக்கினாள். கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டிப் பள்ளமாக்கி, கூழாங்கல்லும் மணலும் போட்டு நாணல் நடுவார்களாம், தெருத் தண்ணீரை அது குடித்துவிடுமாம். மொட்டைமாடித் தண்ணீர் முற்றத்துக்கு அடியில் ஒரு தொட்டிக்குப் போகுமாம். அந்தத் தொட்டியின் அடைப்புக் கதவு வானிலைச் செய்தியைத் தானே படித்து, புயலுக்கு முன்பே திறந்து, தொட்டியைக் காலி செய்து இடம் பண்ணி வைக்குமாம். "யார் திறக்கிறது?" என்று கேட்டேன். "யாரும் வேண்டாம் சார், அதுவே யோசிக்கும்" என்றாள். நம் கட்டடத்தில் அதுவரை யாரும் யோசித்ததில்லை என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தோண்டிய முதல் நாளே ஒரு வட்டக் கல் கிளம்பியது, ரோமானியர் காலத்துக் கல் என்று யாரோ சொல்ல, தொல்பொருள்காரர்கள் வந்து கயிறு கட்டி வேலையை நிறுத்த, ரமலான் முழுக்க அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு தொழுகைக்குப் போனோம், கடைசியில் இஸ்திரிக் கடை பயூமி வந்து எட்டிப் பார்த்து, "இது எங்கப்பா துணி துவைச்ச கல்லாச்சே, இத்தனை நாளா இதையா தேடுறீங்க?" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடைப்புக் கதவு திறக்கும்போதெல்லாம் தலைவரின் போன் குரல் கொடுக்கும்படி ஏற்பாடு. வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலில், மரணத்தைப் பற்றி இமாம் உருகிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண், "தொட்டி திறக்கப்படுகிறது, விலகி நிற்கவும்" என்றாள். முன்வரிசையில் இரண்டு பேர் நிஜமாகவே விலகினார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் அக்கா. பொறுக்க முடியாதது வேறு. கீழ்த்தளத்து இன்ஷிராஹ் மேடம் உனக்குத் தெரியும், தபால் ஆபீஸ் மஹ்ரூஸின் விதவை. என் மனைவி ஸுஹைர் இறந்த பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும், புயல் வந்தால் அந்த அம்மாள் மேலே வந்துவிடுவார். ராத்திரி மூன்றாம் மாடியில் நாத்தனார் வீட்டில் தூக்கம். பகலில் என் வீட்டில், ஊர் பேசாதபடி கதவை அகலத் திறந்துபோட்டு, பகடையும் காயுமாகத் தாவ்லா ஆட்டம். பகடையை உருட்டி என்னைத் தோற்கடித்துவிட்டு, "பாவம், கஸ்டம்ஸ்ல உங்களை எப்படி வேலைக்கு வச்சிருந்தாங்க" என்பார். வருஷத்தில் அந்தச் சில நாட்களில்தான் என் வீட்டில் இன்னொரு குரல் கேட்கும்.

இந்த முறை காஸிம் வருகிறது என்று தெரிந்ததும் பருப்புச் சூப் இருவர் அளவுக்கு வைத்தேன், நாற்காலியைத் துடைத்தேன். காலையில் மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. மேடம் வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று ரப்பர் பூட்ஸ் மாட்டி, வாளி எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடை வாசலில் பயூமி உலர்ந்த செருப்போடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாளியோட எங்க கிளம்பிட்டீங்க ஷுக்ரி பே? மீன் பிடிக்கவா?"

சந்தில் வந்த தண்ணீரெல்லாம் நாணலுக்குள் சுழன்று, உறிஞ்சின மாதிரி காணாமல் போய்க்கொண்டிருந்தது. மேடம் ஜன்னலருகே உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள தண்ணி வரலையா மேடம்?"

"ஒரு சொட்டு இல்ல உஸ்தாத். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்."

"அப்ப சரி" என்றேன். மேலே வந்து, இருவர் சூப்பை நான் ஒருவனே நாள்கணக்கில் குடித்தேன்.

ஆகவே அக்கா, ஹானி அங்கே தண்ணீர் விவகாரத்தில் பெரிய ஆள் அல்லவா? இந்த நாணல் பள்ளமும் யோசிக்கும் தொட்டியும் குடியிருப்போரின் நலனுக்கு ஒவ்வாதவை என்று, முத்திரை வைத்த காகிதத்தில் கடுமையாக ஒரு கருத்து எழுதி அனுப்பச் சொல். சங்கத்தில் படித்துக் காட்டி இரண்டையும் மூடச் செய்துவிடுகிறேன். ஹானிக்கும் அவன் மனைவிக்கும் என் துஆ. உன் இடுப்பு வலி தீர்ந்து, உன் வீடு என்றும் நிறைந்திருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஷுக்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், சங்கச் சந்தா கொடுக்க இன்ஷிராஹ் மேடம் வந்தார். மேஜையில் இருந்த கடிதத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, படித்துக் காட்டினால்தான் ஆயிற்று என்று நின்றார். படித்தேன். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "என் வீட்டுக்குள்ள தண்ணி வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு உஸ்தாத். மஹ்ரூஸ் இருக்கும்போதே வாசப்படியை உசத்திக் கட்டிட்டாரு. நான்தான் தெருவுல இறங்கி நாலு எட்டு நடந்து, உடுப்பு ஓரமெல்லாம் நனைச்சுக்கிட்டு மேல வருவேன்."

"பின்ன இந்தத் தடவை ஏன் வரல?"

"தெருவே காஞ்சு கிடக்குது. எதுல நனையறது?"

எனவே ஹானியிடம் ஒன்றும் சொல்லாதே. நெர்மீனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுத வேண்டும், ஆனால் இன்றைக்கு முடியாது. வெளியே நல்ல வெயில், கதவு அகலத் திறந்திருக்கிறது, எதிரே ஒருவர் பகடையைக் குலுக்கிக்கொண்டு, "எழுதினது போதும், காயை நகத்துங்க" என்கிறார்.