ஜம்புலிங்கன் மொட்டை போட்ட படலம்

வாழ்க ஜம்புலிங்கன்! தொட்ட வேலை யாவற்றையும் பாதியில் விட்ட பெருந்தகை, ஒற்றைக் கதவு ஜன்னலின் உரிமையாளன், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடித்த சுவருக்கு அதிபதி, பொங்கலுக்குத் தறியில் ஏற்றிய லுங்கியை ஆடி பிறந்தும் இறக்காத நெசவுகுலத் தோன்றல், கமலாவின் கணவன், வாழ்க! தணிகை மலைக் காற்றே, சற்று நின்று வீசு. எழுபதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகையன்று அம்மாவீரன் தன் தலைக்காகத் தன்னோடு தானே நிகழ்த்திய போரைப் பாடப்போகிறேன். நடுவில் என்னை வேறு பக்கம் இழுத்துவிடாதே. அவன் கதையைச் சொல்ல வருகிறவர்களுக்கும் அவன் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

போரின் காரணம் இது. சில ஆண்டுகளுக்கு முன் கமலா விஷ ஜுரத்தில் விழுந்து, கஞ்சித் தண்ணீரும் இறங்காமல், கட்டியவனையே யாரென்று கேட்டுப் பிதற்றிக் கிடந்தபோது, ஜம்புலிங்கன் வாசலுக்கு ஓடி மலையை நோக்கிக் கைகூப்பி, "முருகா, இவ எழுந்து குந்தட்டும், என் முடிய உனுக்கே குடுத்துடறேன்!" என்று தெருவே கேட்க முழங்கினான். கமலா எழுந்து உட்கார்ந்தாள். சில வாரத்தில் மாவரைத்தாள். முடி மட்டும் கொடுத்த வாக்கை மதியாமல் தலையிலேயே இருந்தது. பள்ளிப்பட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்தும் வண்டி கட்டியும், ஆந்திரத்திலிருந்து பூக்காவடி சுமந்து கால் கொப்பளிக்க நடந்தும் வந்த தலைகளெல்லாம் மழித்து மின்ன, மலையடிவாரத்திலேயே குடியிருந்த அந்த ஒரு தலை ஆண்டுக்கு ஆண்டு அடர்ந்து செழித்தது.

சோம்பல் என்றது ஊர். பொய்! அவன் ஒரு நாளில் ஓடுகிற ஓட்டத்தை மற்றவர்கள் ஒரு மாதத்தில் ஓடமாட்டார்கள். செய்ய வேண்டும் என்று அவன் மனம் முரசறையும், கால் அசையாது. கால் ஒருவழியாக அசையும்போது மனம் வேறு வாசல் வழியே வெளியேறியிருக்கும். மலைக்கென்று கிளம்பிய ஒவ்வோர் ஆடியிலும் செருப்பின் வார் அறுந்ததும், வாரைத் தைக்க ஊசி தேடியதும், ஊசி தேடிய பெட்டியில் பழைய டார்ச் லைட் கிடைத்ததும், பொழுது சாயும்வரை அந்த டார்ச் லைட்டைக் கழற்றி மாட்டியதும் இப்படித்தான். விளக்கு எரிந்ததா என்று கேட்காதீர்கள்.

ஆகவே இந்த ஆடியில், மாமன் மகளாகையால் அவனைப் பாவா என்றே அழைக்கும் கமலா, விடியலில் எழுந்து நின்று தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"எங்கெங்கியோ இருக்கறவங்க நடந்து வந்து முடி குடுத்துட்டுப் போறாங்க. நீ கீழயே குந்திகினு குடுக்கல. நான் பொழச்சது உனுக்கு அவ்ளோதானா பாவா? இன்னிக்கும் குடுக்கலன்னா என்னாண்ட பேசவே பேசாத."

வாளால் வெட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தச் சொல் அவனை நிலைகுலைத்துவிட்டது. அவளைவிடப் பெரிதாக அவனுக்கு இவ்வுலகில் ஏதுமில்லை. அதை அவளுக்கு நிரூபிக்கத் தன் தலையைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

சட்டையின் நுனியைக் கமலா பிடித்துக்கொள்ள, இடப்புறம் பாராமல், வலப்புறம் பாராமல், பம்பை முழங்க, அரோகரா ஓசை வானைப் பிளக்க, மலையேறினான் மாவீரன். முடியிறக்கும் கொட்டகையில் நாவிதர் எல்லப்பன் முன் பலகையில் அமர்ந்தான். தலை நனைந்தது. கத்தி பாய்ந்தது. கற்றை கற்றையாகக் கருமுடி சரிந்தது. இடப்பக்கத் தலை வெளிச்சமாவதைக் கண்ணாரக் கண்ட கமலா, கத்தி வைத்த தலை இனி எங்கே போய்விடும் என்று நம்பிச் சந்தனம் வாங்கப் போனாள்.

அந்தோ! அத்தனை ஆண்டு வளர்ந்த முடி லேசுப்பட்டதா? நடுவகிட்டை எட்டியதும் கத்தி தோற்றது.

"இன்னா முடிப்பா இது, கத்தியே மழுங்கிப்போச்சு," என்றார் எல்லப்பன். "தீட்டிக்கினு வந்துடறேன். ஆடாம குந்திகினு இரு."

"ஆங்," என்றான் ஜம்புலிங்கன்.

அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனை உறுதி! எட்டுத் திசையும் சாட்சியாக, முழங்காலில் கைகளை ஊன்றி, மூச்சை அடக்கி, அசையாதிருத்தல் என்னும் அரும்போரில் இறங்கினான். தொடை துடித்தது, விட்டுக்கொடுக்கவில்லை. பாதம் தாளம் போட்டது, அதட்டி அடக்கினான். அப்போதுதான் எதிரே ஒரு பூக்காவடி வந்தது. அதன் ஓரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது.

நெசவாளியின் கண்ணெதிரே முடிச்சு அவிழலாமா? பாய்ந்தான், போட்டான் ஒரு முடிச்சு, சபாஷ் என்றது காவடிக் கூட்டம். முடிச்சு தாங்குகிறதா என்று பார்க்கக் கூடவே நடந்தான். நடந்த இடத்தில் ஒருவர் தண்ணீர்ப் பந்தலின் பானையைத் தனியாகத் தூக்கத் திணறினார், கை கொடுத்தான். பானையை இறக்கிய இடத்தில் ஒரு கிழவர் படியிறங்கத் தடுமாறினார், தோள் கொடுத்தான். பேசிக்கொண்டே அவரை அடிவாரம் வரை கொண்டுவந்து, உறுமிக்கொண்டிருந்த பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏற்றி, மூட்டையை வைக்கத் தானும் ஏறி, இடம் காலியாக இருக்கவே உட்கார்ந்தும்விட்டான். உதவி, உதவி, உதவி என்று நீண்ட அந்தத் தர்மப் பயணத்தில் தவறு எங்கே நுழைந்தது என்று எந்தச் சபையாலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டக்டர் கங்காதரன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். ஜம்புலிங்கனை இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"இன்னா நைனா, பாதி மண்டைக்கு அரை டிக்கெட்டா?"

பஸ்ஸே சிரித்தது. ஜம்புலிங்கனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தபடி யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு கை தலைக்குப் போனது. ஒரு பக்கம் வழுக்கிற்று. மறு பக்கம் விரல்கள் காட்டில் சிக்கின. ஆ! அக்கணத்தில் அவன் நெஞ்சில் விழுந்த இடிக்கு வானத்து இடியெல்லாம் எம்மாத்திரம்! கமலா!

குதித்தான். ஓடினான். இறங்கும் கூட்டம் விலக, ஏறும் கூட்டம் ஒதுங்க, குழந்தைகள் அலறிக் களிக்க, பாதி இரவும் பாதி பகலுமாய்த் தலை சுமந்து, படிகள் தோறும் அரோகரா என்று பிறர் கூவியதைத் தனக்கான போர்முழக்கமாக ஏற்று, மூச்சிரைக்க, வேட்டி அவிழ, அதை ஒரு கையால் பற்றி, வழியில் தென்பட்ட எந்த முடிச்சையும் ஏறெடுத்துப் பாராமல் மலையை இரண்டாம் முறை வென்றான் மாவீரன். வாழ்க்கையில் முதல் முறையாக, போகக் கிளம்பிய இடத்துக்கே நேராகப் போய்ச் சேர்ந்தான்.

காலிப் பலகைக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு கமலா நின்றிருந்தாள். தீட்டிய கத்தியோடு எல்லப்பன் அவளைப் பார்க்கவும் கூசிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் கோபம் இருந்தது. கோபத்துக்கு மேலே நீர் நின்றது.

"உன்ன மறக்கல கமலா," என்றான், பலகையில் விழுந்தபடியே. "சத்தியமா மறக்கல. குந்தத்தான் முடியல எனுக்கு."

பேசவே பேசாதே என்று பிரகடனம் செய்தவள் அவன் பக்கம் திரும்பினாள். இதை அவன் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. ஏதேதோ சாக்குதான் சொல்லியிருக்கிறான். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆடிக்கென்று கட்டிய புதுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஊரார் முடியெல்லாம் சிதறிக் கிடந்த ஈரத்தரையில் அவனுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள்.

"செரி, நானும் குந்தறேன். நீ எழுந்தா நானும் எழுந்துக்குவேன். எல்லப்பண்ணே, போடுங்க."

அவ்வளவுதான். சட்டையைப் பிடிக்கவில்லை, அதட்டவில்லை. தோள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அது போதுமாயிருந்தது. பம்பை கடந்து போயிற்று, ஜம்புலிங்கன் அசையவில்லை. குரங்கு ஒன்று யாருடைய வாழைப்பழத்தையோ பறித்துக்கொண்டு ஓடியது. கண் ஓடியது, உடல் ஓடவில்லை. கடைசிக் கற்றையும் விழுந்தது. முழுத்தலையும் ஒரே தலையாய், ஒளிவட்டமாய், ஆடி வெயிலைத் தன்மேல் வாங்கி மலையெங்கும் வீசிற்று. அதுகண்டு கமலா வாய்விட்டுச் சிரித்தாள். முழங்குங்கள் முரசுகளே, பொழியுங்கள் மலர்களே! தொடங்கியதை முடித்தவன், வாக்கை நிறைத்தவன், தன்னைத் தானே வென்ற தணிகைத் தனிவீரன், மனையாளின் முகத்தில் பல ஆடிகளாகக் காணாத அந்தச் சிரிப்பைப் பரிசாகப் பெற்ற ஜம்புலிங்கன் திசைகள் அதிர எழுந்து நின்றான்!

இனிக் குளத்துக்குப் போய்க் குளிக்க வேண்டும். வழியெங்கும் காவடிகள்.